பவியின் மேட்ச் நடந்த அறைக்கு வெளியே

அன்புள்ள பவி,

போன் செய்யாதீர்கள், எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். எந்த நேரத்தில் மணி அடிக்குமோ என்று காத்திருப்பது உனக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும் என்றும் சொன்னாய். வேறு அப்பாக்களுக்கு அது கஷ்டமாக இருக்கலாம். எனக்கு இப்போது வசதியாகவே இருக்கிறது. உன் அம்மா போன பிறகு, சுற்றி வளைத்துச் சொல்கிற அளவுக்கு எனக்குள் எதுவும் தோன்றுவதில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருப்பாய். தொடுகிற விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. நான் அப்படித்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் பாசம் குறைவாக இருப்பதுபோலத் தெரிந்தால் காரணம் அதுதான், நீ வீட்டை விட்டுப் போனது அல்ல.

நீ போன மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். கம்பெனி பஸ் தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரியைத் தாண்டித்தான் மறைமலை நகர் போகிறது. இத்தனை வருடம் அந்த ஊரை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். உன் தெரு உள்ளே திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய பர்னிச்சர் கடை இருக்கிறது, வாசலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பொண்ணு இங்கதானே சார் இருக்கு என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அதற்குள் பஸ் பொத்தேரி வந்துவிட்டது. அன்று முழுக்க பிரேக் பாகங்களை அளந்து பார்த்தேன். அளவு சரியாக இருந்ததைச் சரி என்று வைத்தேன், தவறாக இருந்ததை ஒதுக்கினேன். வேலையில் ஒரு பிழையும் வரவில்லை.

உன் சின்ன வயது உனக்கு உன் பக்கத்திலிருந்து ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் உன்னோடு வெகுநேரம் கட்டைகளை அடுக்கி விளையாடிவிட்டு எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்டிசம் என்றார். நான், எப்போது சரியாகும் என்று கேட்டேன். உன் அம்மா, இப்போது இவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் சொன்னார். அன்றிலிருந்து நம் வீட்டில் கேட்பதும் செய்வதும் அவள் வேலையாகிவிட்டது. குக்கர் விசில் உனக்கு ஆகாது என்பதால் கடைசி வரை அவள் சோற்றைப் பானையில்தான் வடித்தாள். நீ எதற்குக் காதைப் பொத்துகிறாய், எதற்குச் சட்டையைக் கழற்றி எறிகிறாய் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னால் எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்ததும், இன்னைக்கு அவ எப்படி என்று அவளைத்தான் கேட்பேன். நீ அங்கேயே உட்கார்ந்திருப்பாய்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், இது புத்திமதி. நீ சிறுமியாக இருந்தபோது உறவுக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளினால், மடியில் உட்காரச் சொன்னால், நீ 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வாய். கல்யாண வீடுகளில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்று நானும் அம்மாவும் மாறி மாறி உனக்குச் சொல்லிக்கொடுத்தோம். நீ கற்றுக்கொள்ளவில்லை. நல்ல வேளை. இனிமேல் நீ பல பேரோடு இருக்கப் போகிறாய். கையெழுத்துப் போடச் சொல்வார்கள், விருந்துக்குக் கூப்பிடுவார்கள், தோளில் கை போட்டுப் போட்டோ எடுப்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால் முன்பு சொன்ன அதே சத்தத்தோடு சொல். கூட்டம் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வண்டலூர் தாண்டி இருந்த அந்தக் காலேஜில் நீ ஒரு செமஸ்டர் முழுதாகப் போகவில்லை. ஒரு நாள் வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, "இனிமே போகமாட்டேன்" என்று சொன்னாய். காரணம் கேட்டதற்கு, ஃபேன், டியூப்லைட், குரூப் வொர்க் என்றாய். அம்மா சரி என்றாள். நான் அதற்குப் பிறகு பல நாள் உன் அறைப் பக்கம் வரவில்லை. நீ உள்ளே கம்ப்யூட்டரில் விளையாடுகிறாய் என்பது மட்டும் தெரியும். சுடுகிற விளையாட்டு என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் ஷிப்ட் சீக்கிரம் முடிந்து வந்தேன். உள்ளே யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ விருந்தாளி என்று நினைத்து செருப்பை ஓசைப்படாமல் விட்டேன். "ரெண்டு பேர் இடது பக்கம் வராங்க. நில்லு. சுடாத. மூணாவது ஆள் மெட்டல் மேல நடக்கறான், மேல இருக்கான். இப்ப போ." நிதானமான, திருத்தமான குரல். அது உன் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. வீட்டில் ஒரு வாரம் முழுக்க நீ பேசுகிற வார்த்தைகளை அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசிவிட்டாய். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன்.

அம்மாதான் எனக்கு விளக்கினாள். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். ஒருவர் காக்கிற இடத்தை இன்னொருவர் பிடிக்க வேண்டும். எதிராளி எங்கே இருக்கிறான் என்பது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குக் கேட்காத காலடி உனக்குக் கேட்கிறது, அதனால் உன் அணியில் வழி சொல்கிற வேலை உனக்கு. குக்கர் விசிலைத் தாங்காத காதுதான் என்று அம்மா சொன்னாள். விளையாட்டில் உன் பெயர் 'ஆமை' என்றும் சொன்னாள். நீ முந்திக்கொண்டு ஓடமாட்டாய், காத்திருப்பாய் என்பதால் பெரும்பாக்கத்துப் பெண் ஷெரின் வைத்த பெயராம். நீங்கள் ஐந்து பேரும் பெண்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் மைக்கில் அசிங்கமாகப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டு நான் பயந்தேன். உன்னிடமே கேட்டேன். "மியூட் பண்ணிடுவேன். அவங்க நடக்கற சத்தம் மட்டும் எனக்குப் போதும்" என்றாய். அம்மா வழியாக இல்லாமல் நாம் பேசிய முதல் பேச்சுகளில் அது ஒன்று.

பிறகு அந்தக் காலை. நான் மறைமலை நகரில் இருந்தேன். அம்மா துணி காயப்போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் சாய்ந்துவிட்டாள். நீ பார்த்தாய். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாய், போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல அம்மாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாய். நடுவில் வழியும் சொன்னாய். முடிச்சூர் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்தச் சந்தில் வண்டி போகாது, எந்த கேட் திறந்திருக்கும். வண்டியில் வந்தவர் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார். "உங்க பொண்ணு ஒரு தடவகூட பதறல சார். வழி தெளிவா சொல்லுச்சு. நாங்க லேட்டா வரல." உன்னால் முடிந்தது அத்தனையும் நீ செய்தாய், அப்படியும் அம்மா பிழைக்கவில்லை. இது இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை மாற்றாது. நீ அன்றைக்கு இரவு என்னிடம், நான் அழுத்தினது சரியான அளவா என்று கேட்டாய். டாக்டரைக் கேட்டுவிட்டேன், சரியான அளவு என்றார். உனக்குச் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அம்மாவை ஹாலில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதோடு அழுகை, வெளியே பறை. நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் நின்றாய். பெட்டியை எடுக்கிற வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் வந்து அழுதார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். நீ ஒருத்திதான் நின்றாய். ஆனால் எல்லோர் கண்ணிலும் பட்டது ஹெட்போன்தான். பாட்டு கேட்கிறாள் என்று நினைத்தார்கள். அதில் எதுவும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், ஒயர் உன் தோளில் சும்மா தொங்கியது. யாரிடமும் நான் அதை விளக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நீ அழவில்லை. நானும் அழவில்லை. அழுதுடுங்க, உள்ள வெச்சுக்காதீங்க என்று ஆளாளுக்கு என் முதுகைத் தடவினார்கள். உள்ளே எதுவும் இருந்தால்தானே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு நீ சமையலறைக்கு வந்து, படையல் எந்த நேரம் என்று கேட்டாய். சொன்னேன். அதே நேரத்தில் உங்கள் அணிக்குத் தகுதிச் சுற்று இருக்கிறது, ஜெயித்தால் இறுதிப்போட்டிக்குப் போகலாம், தேதியை மாற்றமாட்டார்கள் என்றாய். "நான் மேட்ச்தான் ஆடுவேன்பா. நான் இல்லன்னா மத்த நாலு பேரும் ஆட முடியாது. அம்மா பக்கத்துல உக்காந்து பாக்கறேன்னு சொல்லியிருந்தாங்க." என் அனுமதியை நீ கேட்கவில்லை, எனக்குத் தெரிவித்தாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு, காரியத்தை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம், அங்கே மணியடித்தால் உன் அறைக்குக் கேட்காது என்றேன். நான் யோசித்து எடுத்த முடிவு இல்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய ஒரே விஷயம் சத்தம்தான்.

மாடியில் பந்தல் போட்டோம். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்கள். பெரிய அத்தை எழுந்தாள். அக்கா என்றாலும் என்னைத் தூக்கி வளர்த்தவள், இரும்புலியூரில் எங்கள் வயல் பிளாட்டாகிப் போகும்வரை நாற்று நட்டவள், எதற்கும் பயப்படாதவள். விறுவிறுவென்று படியிறங்கினாள். நான் பின்னாலேயே இறங்கி, உன் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். உள்ளே உன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெத்தவளுக்கு ஒரு கற்பூரம் காட்ட வரல. அவ செத்த ஈரம் இன்னும் காயல, இது சண்ட ஆட்டம் ஆடிக்கினு கீது. நீயும் பாத்துக்கினு கீற. இன்னாடா மனுஷன் நீ?"

"ஆமாக்கா, பாத்துகிட்டுதான் இருக்கேன். அவ இப்ப வரமாட்டா. நீ மேல போ."

"நகுருடா."

"நகரமாட்டேன்கா."

அக்காவை எதிர்த்து நான் அதுவரை பேசியதில்லை.  அவள் மேலே போகவில்லை, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, இலையில் உட்காராமலேயே கிளம்பிவிட்டாள். அவளோடு வந்தவர்களும் போனார்கள். நானே கற்பூரம் காட்டினேன். வைத்த சோற்றைக் காக்கை எடுத்தது. பாதிப் பந்திக்கு ஆளில்லை. மீதிச் சாப்பாட்டைத் தெருவில் கொடுத்தோம். பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நீ வெளியே வந்தாய். முடிந்துவிட்டதா என்று கேட்டாய். முடிந்தது என்றேன். நீ நேராக அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் போய், "அம்மா, ஜெயிச்சுட்டோம். கடைசி ரவுண்ட் கஷ்டமா இருந்துச்சு" என்றாய். அம்மா சமையலறையில் இருந்தால் எப்படிச் சொல்வாயோ அதே குரலில். பிறகு சாப்பிட உட்கார்ந்தாய். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் ஆத்மாவோடு பேசினார்கள். அம்மாவோடு பேசியது நீதான். எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும். நான் உனக்கு ரசம் ஊற்றினேன்.

இறுதிப்போட்டி பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய ஹாலில் நடந்தது. முதல் நாளே காலி ஹாலைப் பார்க்க வேண்டும் என்று நீ ஷெரினோடு போய்விட்டு வந்தாய். பளிச் பளிச்சென்று வெட்டுகிற விளக்குகளைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், சரி என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றில் உன் அணி முன்னால் இருந்தது. இரண்டாவது சுற்றில் கூட்டம் கத்த ஆரம்பித்ததும், மேலே யாரோ உற்சாகத்தில் அந்த விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். பெரிய திரையில் உன் முகம் தெரிந்தது. நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். விளையாட்டுக்குள் உன் ஆள் நின்ற இடத்திலேயே நின்றது, சுடப்பட்டு விழுந்தது. ஆனால் உன் வாய் நிற்கவில்லை. கண்ணைத் திறக்காமலேயே காதால் கேட்டு மற்ற நாலு பேருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தாய். ஷெரின் ஆட்டத்தைப் பாதிவரை இழுத்துக்கொண்டு போனாள். தோற்றுவிட்டீர்கள்.

நீ வெடிப்பாய் என்று நினைத்து மேடைக்குப் பின்னால் ஓடி வந்தேன். அம்மா அந்த நேரங்களில் என்ன செய்வாள் என்று ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தேன். நீ பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாய். "தோத்துட்டோம். பசிக்குது" என்றாய். திரும்பி வரும்போது மேடவாக்கத்தில் வண்டியை நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டோம். லைட் போடுகிற வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம், அடுத்த முறை இருட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உன்னைப்போலத் தோற்கத் தெரிந்தவர்கள் எங்கள் கம்பெனியில் ஒருவரும் இல்லை.

ஜெயித்த அணியை விட்டுவிட்டு உன்னைத் தேடித்தான் ஒரு கோச் வந்தார். அன்றைக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு பேசியதைப் பதிவில் கேட்டாராம். பெண்களுக்கென்று ஓர் அணி, கூடுவாஞ்சேரியில் வீடு, அங்கேயே தங்கிப் பயிற்சி, ஷெரினையும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். நானும் உனக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "அப்பா, அவர் கூப்பிடறது என்னை" என்று நீ சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். அவர் போன பிறகு நான் கேட்டேன், யார் சமைப்பார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், அங்கே சண்டை வந்தால் என்ன செய்வாய். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாய். திடீரென்று எதிர்பாராமல் ஏதாவது நடந்தால் என்று கேட்டேன். "நடந்தாச்சுப்பா. அம்மா" என்றாய். 

குடிபோவதற்கு முன்பு கூடுவாஞ்சேரிக்குத் தனியாக ரயிலில் போய்வந்து பழகினாய். வண்டலூரில் நடந்தது எனக்கு ஷெரின் சொல்லித்தான் தெரியும். சாமான் எடுத்துப்போக வந்தவள், "இன்னா அங்கிள், அவ சொல்லலையா?" என்று ஆரம்பித்து, பிறகு முழுவதையும் சொன்னாள். ரயில் அங்கேயே நின்றுபோனதாம். அறிவிப்பு, கூட்டம், இடி. நீ பிளாட்பாரத்தில் இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். குடித்திருக்கிறாயா என்று ஒரு போலீஸ்காரம்மா வந்து கேட்டாராம். "எனக்கு ஆட்டிசம். சத்தம் ஜாஸ்தி. கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும். யாரையும் தொட விடாதீங்க" என்று நீ சொன்னாயாம். அவர் உன் பக்கத்தில் நின்று கூட்டத்தை விலக்கியிருக்கிறார். பிறகு நீ ஷெரினைக் கூப்பிட, அவள் ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். ஏன் எனக்குப் போன் செய்யவில்லை என்று அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன். "பண்ணியிருந்தா நீங்க வந்திருப்பீங்க" என்றாய். "வந்திருப்பேன்தான்" என்றேன். "அதனாலதான் பண்ணல" என்றாய். நீ சொன்னது எனக்குப் புரிந்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ லேசாகக் குத்தியதுபோல இருந்தது. அம்மா போன பிறகு எனக்கு உறைத்த முதல் விஷயம் அது. உனக்குச் சந்தோஷமாக இருக்குமென்று சொல்கிறேன், வலிதான், ஆனால் தெரிந்தது.

நீ வீட்டை விட்டுப் போன அந்த வாரத்திலேயே பெரிய அத்தை வந்தாள். காரியத்தன்று கிளம்பிப்போன பிறகு அப்போதுதான். தூக்கில் மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். பழையதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள், மேசை காலியாக இருந்தது. "அது நல்லா கீதா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். "சோறு துன்னுதா?" என்றாள். தின்கிறாள் என்றேன். தூக்கைக் கழுவி வாங்கிக்கொண்டு போனாள். நீ அவளோடு பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தாள் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் இரண்டையும் நீயே சொல்லியிருந்தாய். உன் அறையில் கனமான திரை போட்டிருக்கிறாய், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது. நீயே டீ போட்டாய். சர்க்கரை அதிகம், நான் குடித்தேன். அப்போது பயிற்சி ஆரம்பித்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்து, மூடின கதவுக்கு அந்தப் பக்கம் நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை நீ சிரித்தாய். ஷெரின் ஏதோ தப்பாகச் சுட்டிருப்பாள். பயிற்சி முடிந்தது, நான் கிளம்ப வேண்டிய நேரமும் வந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நீ கதவைப் பிடித்தபடி கேட்டாய்.

"அப்பா, உங்களால தனியா இருக்க முடியுதா?"

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல."

"அத நான் கேக்கல."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. நீ காத்திருந்தாய். "பதில் தெரிஞ்சப்புறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாய். ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். ரயில் ஏறினேன். பவியால் தனியாக இருக்க முடியுமா என்று இத்தனை வருடம் எல்லோரும் கேட்டோம். டாக்டரைக் கேட்டோம், அத்தை கேட்டாள், கோச் கேட்டார், தினமும் நான் கேட்டேன். என்னைப் பற்றி அந்தக் கேள்வியை நீ கேட்கும்வரை யாருமே கேட்டதில்லை. எனக்கே அது தோன்றியதில்லை.

பதில் தெரிந்துவிட்டது பவி. முடியவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், எதுவும் நிற்கவில்லை. ஆனால் சாயங்காலம் வந்து கதவைத் திறந்ததும் எந்த அறைக்குப் போவது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடையிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். டிவி போட்டால் அணைக்க வேண்டும்போல இருக்கிறது, அணைத்தால் போட வேண்டும்போல இருக்கிறது. முதலில் அம்மா எனக்காகப் பேசினாள், பிறகு உன்னைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு நாளைக் கழித்தேன். தனியாக இருக்க நான் எந்தக் காலத்திலும் பழகியதில்லை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. முடியவில்லை என்று எழுதிய இடத்தில் மட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது.

இதைப் படித்துவிட்டு நீ திரும்பி வரக் கூடாது. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், இதை நான் சும்மா சொல்லவில்லை. நீ அங்கேயே இரு. விளையாடு, ஜெயி, தோற்றால் பரோட்டா சாப்பிடு. எனக்கு வேண்டியது வேறு. தனியாக இருப்பது எப்படி என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் நம் வீட்டில் நீ ஒருத்திதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ சொல்கிற நேரத்துக்கு வருகிறேன். முதலில் எதைப் பழக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடு.

அப்பா